ஆளுக்குப் பாதி

அந்தச் சின்ன விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கிடையாது. சொந்த விமானத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கட்டணம் கட்டினால், நகரத்திலிருந்து ஒருவரை வரவழைத்துப் பெட்டிகளைச் சோதிக்க வைப்பது ஏஜென்ட் கிழவரின் வேலை.

"நாளைக்கு எட்டு மணிக்கு இறங்குறேன்" என்றான் போனில் ஒருவன். கட்டணத்தைக் கேட்டதும் அலறினான். "பெட்டியைத் திறந்து பார்க்கிறதுக்கா இவ்வளவு?"

"பதினோரு மணிக்கு இன்னொரு விமானம் வருதுங்க. அதோட சேர்ந்து இறங்கினா ஆளுக்குப் பாதி."

"அப்ப பதினொண்ணுக்கே வரேன். மூணு மணி நேரத்துல என்ன குடியா முழுகிடப் போகுது?"

சொந்த விமானம் வைத்திருக்கிற பிச்சைக்காரன் என்று கிழவர் மனதுக்குள் துப்பினார். இன்னொருவனும் லேசுப்பட்டவன் இல்லை. இன்றே வர வேண்டியவன், பாதிக்கு ஆள் சேரட்டும் என்று பயணத்தைத் தள்ளிப் போட்டிருந்தான்.

மறுநாள் இருவரும் இறங்கினார்கள். சோதனை மேசையில் ஒருவரையொருவர் பார்த்ததும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதிகாரி சாவகாசமாகப் பெட்டிகளைக் கிளறினார்.

வாசலில் அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் நின்றாள்.

"எட்டு மணிக்கு வரேன்னியே பெரியண்ணே! சின்னண்ணே, நீ நேத்தே வரேன்னு சொன்னியே! உங்க ரெண்டு பேரையும் கேட்டுக் கேட்டே அப்பா பத்து மணிக்குக் கண்ணை மூடிட்டாரு."

அண்ணன் தலை குனிந்தான். தம்பி அவன் பக்கத்தில் போய், பல வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக அண்ணனிடம் வாயைத் திறந்தான்.

"காரியச் செலவும் ஆளுக்குப் பாதிதானே?"

கிழவர் வெளியே வந்து இந்தத் தடவை நிஜமாகவே துப்பினார்.