எனில்

விடைத்தாள் கட்டின் மேலட்டையிலேயே கணக்கைப் போட்டாள்.

மருத்துவமனையிலிருந்து சிஸ்டர் இப்போதுதான் பேசி முடித்திருந்தார். போன வாரம் பள்ளிக்கு வந்த மார்பகப் பரிசோதனைப் பேருந்தில் எடுத்த படம். இடப்பக்கம் சந்தேகம் இருக்கிறதாம். திங்கட்கிழமை துணைக்கு ஒருவரோடு வந்தால், ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்துவிடலாமாம்.

அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று சொல்லிவிட்டாள். சிஸ்டர் சரி என்று சொல்லவில்லை.

நிகழ்தகவுப் பாடத்தில் வரும் பேயீஸ் தேற்றம். பிள்ளைகள் அதைப் பேய்க் கணக்கு என்பார்கள். அவளுக்கு அந்தப் பேய் பிடித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது.

பேருந்தில் கொடுத்த துண்டுத்தாளில் எண்கள் இருந்தன.

அறிகுறி ஏதும் இல்லாத ஆயிரம் பெண்கள். நோய் இருப்பது பத்துப் பேருக்கு. அதில் ஒன்பது பேரைப் படம் கண்டுபிடிக்கும். மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேரை வீணாகப் பயமுறுத்தும்.

ஆக, பயந்தவர்கள் நூற்றெட்டு. பிள்ளையாரைச் சுற்றுகிற எண்ணிக்கை.

அதில் நோய் உள்ளவர்கள் ஒன்பது.

பன்னிரண்டில் ஒன்று.

நிம்மதியாக இருந்தது. இதற்குப் போய் யாராவது விடுப்பு எடுப்பார்களா.

விடையை அடிக்கோடிட்டாள். பழக்கத்தில், மேலிருந்து ஒருமுறை சரிபார்த்தாள்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

நோய். ஒரு செங்குத்துக் கோடு. படத்தில் சந்தேகம்.

அந்தக் கோட்டை 'எனில்' என்று படிக்க வேண்டும். படத்தில் சந்தேகம் எனில், நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு. தெரிந்த அத்தனையையும் அந்தக் கோட்டுக்கு அப்புறம் எழுது, ஒன்றை விட்டாலும் வேறு யாருடைய கணக்கையோ போடுகிறாய் என்று வகுப்பில் தொண்டை வறளக் கத்துவாள். விட்டவர்களுக்கு மதிப்பெண்ணும் தரமாட்டாள்.

பேருந்தில் இதே சிஸ்டர் கேட்டார், கையில் ஏதாவது தட்டுப்பட்டதா என்று. இல்லை என்றாள். படிவத்திலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்தபோது இடப்பக்கம் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. அன்றிலிருந்து அந்தப் பக்கம் சோப்புப் போடும்போது கையை வேகமாக எடுத்துவிடுகிறாள்.

அந்த ஆயிரம் பேரில் அவள் இல்லவே இல்லை.

பயமாக இருந்தது.

சிவப்புப் பேனாவால் பன்னிரண்டில் ஒன்றை அடித்தாள். கோட்டுக்கு அப்புறம் 'கட்டி' என்றும் சேர்த்தாள். அதற்கான எண் துண்டுத்தாளில் இல்லை.

கைப்பேசியை எடுத்தாள்.

"சிஸ்டர், அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்கல்ல. நான் தப்பா பதில் சொல்லிட்டேன்."