கான்ரின் கண்ட நிலா

இருநூறு தாள்களும் அச்சாகிக் கயிற்றில் காய்ந்த பிறகுதான், நிலா கரை மாறிவிட்டதை, அச்சுக்கு மரப்பலகை செதுக்குகிற தொமெகிச்சி கவனித்தான்.

ஓவியர் கான்ரின் வரைந்து கொடுத்த நிலா, சுமிதா ஆற்றின் இடது பக்கம், அசாகுசா கோயில் கூரைக்கு மேலே எழுந்திருந்தது. அச்சிலோ வலது பக்கம், வெறும் வயலுக்கு மேலே.

நிறத்துக்கொரு பலகை; கோயிலும் ஆறும் வேறு பலகை. அவை சரியாகத்தான் இருந்தன. வானத்துப் பலகையில்தான் வினை. வரைந்த தாளைக் குப்புற ஒட்டிச் செதுக்க வேண்டும். ஒட்டிய அன்று மத்தியானம் உள்ளே போன ‘சாக்கே’ என்ற அரிசி மது, மல்லாக்க ஒட்ட வைத்துவிட்டது.

நிலாவுக்கு மை கிடையாது. நீலத்தில் விட்ட ஓட்டை, அவ்வளவுதான். ஓட்டை நகர்ந்தால் நிலாவும் நகரும்.

அன்று மாலைதான் முழுநிலாத் திருநாள். வேறு பலகை செதுக்க நேரமில்லை.

பதிப்பாளர் குஹேய், ஓவியரோடு உள்ளே வந்தார். மூன்று இரவு ஆற்றங்கரைப் பனியில் உட்கார்ந்து கான்ரின் அந்த நிலாவைக் கண்டதாக ஊரெல்லாம் பேச்சு. கிளப்பிவிட்டவரும் கான்ரினேதான். படத்தில் ஆற்றுத் தண்ணீரில் மட்டும் நிலா தெரியவில்லை. அது மறதியா, ஞானமா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

“வாத்தியாரய்யா ஒரு குறை சொன்னாருன்னா, உளியைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிடு தொமெ,” என்றார் குஹேய்.

கான்ரின் தாளை நீட்டிப் பிடித்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். விசிறியை மடக்கினார்.

தொமெகிச்சி உளிகளைத் துணியில் அடுக்கத் தொடங்கினான்.

“மயிரிழை பிசகல. மூணு ராத்திரியும் நான் கண்ட நிலா இதேதான்.”

குஹேய் கண்களைத் துடைத்துக்கொண்டார். தாள்கள் கடைக்குப் பறந்தன.

வாசலில் செருப்பு மாட்டும்போது, கான்ரின் தொமெகிச்சியின் காதோரம் குனிந்தார்.

“ஏம்ப்பா, நான் வரைஞ்சு குடுத்த தாளு?”

“அது மேலயேதானுங்களே செதுக்குறோம். சீவலோட சீவலா அடுப்புக்குப் போயிடுச்சுங்க.”

“நல்லது. ரொம்ப நல்லது.”

தன் விசிறியையே அவன் கையில் திணித்துவிட்டு நடையைக் கட்டினார்.

பலகையை விட்டு நிமிர்ந்து வானத்தைப் பார்த்திராத தொமெகிச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாலையில் பாலத்தில் கூட்டம். நிலா வலது பக்கம், அவன் தப்பாக வைத்த அதே இடத்தில், வயலுக்கு மேலே எழுந்தது.

கான்ரின் நிலாவை வரைந்திருந்த இடது பக்கம், கோயில் கூரைக்குப் பின்னால், சூரியன் மறைந்துகொண்டிருந்தது.