மஞ்சள் விளக்கு

என் அண்ணன் ஹரிதாஸின் சாப்பாட்டுக்கடை வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று என் கணவர் சபதம் போட்டு இரண்டு வருடமாகிறது. அண்ணன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அண்ணன் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லையாம்.

ஆனால் ஐந்து மாதமாக, ஞாயிறுகளில் நாங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும்போது, வழியில் திரிங்காப் ஊரில் அந்தக் கடை நெருங்கினால் போதும், கார் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்.

“டயர் சறுக்குதாம். பத்து நிமிஷம் நிறுத்தணும்லா,” என்பார்.

அண்ணன் கார் ஜன்னல் வழியே டீ நீட்டுவார். இருவரும் காரைப் பற்றி மட்டும் பேசுவார்கள். ஒரு நாளாவது வீட்டுப் பேச்சு வராதா என்று நான் காத்திருப்பேன்.

இன்று அண்ணன், “மச்சான், மெக்கானிக்கைக் கூப்பிடவா?” என்றார்.

“வேணாம்லா, தானா அணைஞ்சிடும்,” என்று பதறினார் கணவர்.

அண்ணன் சிரித்தபடி கையை உள்ளே விட்டு, ஸ்டீயரிங் பக்கத்திலிருந்த ஒரு பட்டனை அழுத்தினார். விளக்கு அணைந்தது.

“என் காரும் இதே மாடல்தான் மச்சான். இந்தப் பட்டனை நீங்களே அமுக்கினாத்தான் அந்த லைட் எரியும். இறங்குங்க, சாப்பிட்டுத்தான் போகணும்.”

‘உனக்கும் தெரியுமா?’ என்பதுபோல் கணவர் என்னைப் பார்த்தார். நான் எதிரே இருந்த மலையைப் பார்த்தேன். ஐந்து மாதமாக, அவர் கை அந்தப் பட்டனுக்குப் போகும்போதெல்லாம் நான் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.