புகைப்புரையில் அடைக்கோழி

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும் மெம்பரே! ஒண்ணு அந்தப் புகைப்புரை இருக்கணும், இல்லேன்னா எனக்க பிள்ளை இருக்கணும்!"

பிரிஜா போட்ட சத்தத்தில் வார்டு மெம்பர் ஸ்மைலின் பைக்கை ரப்பர் மரத்தோடு சாய்த்துவிட்டு ஓடி வந்தார்.

அவள் ஒரு கையில் மனு, மறு கையில் ஒரு நோட்டு. பக்கத்தில் சாட்சிக்கு ஏழு வயது மகள் ரெனிஷா. பேச்சிப்பாறைக் காற்று பட்டுவிடக் கூடாதென்று, புருஷன் ஷிபு மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த புலிப்படக் கம்பளியைப் பிள்ளையின் தலையோடு போர்த்தியிருந்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ரெனிஷா உதடு நீலம் பாய்ந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆஸ்துமா என்றார்கள்.

"இழுப்பு எதனால வருதுன்னு கண்டுபிடிச்சா பாதி பயம் போச்சு," என்றார் டாக்டர். "அது வர்றதுக்கு முன்னால வீட்டுல என்ன நடந்துச்சோ, ஒண்ணு விடாம நோட்டுல எழுதுங்கம்மா."

எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் பிரிஜா. ஆனாலும் ஒரு நாள் தவறாமல் எழுதினாள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடுத்த வீட்டு ஜான்ரோஸ் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கிற புகைப்புரை, அவள் ஜன்னலுக்கு நேராக நிற்கிறதே!

"எத்தனை தடவை சொல்லியாச்சு! ஜான்ரோஸ் அண்ணன் வாயே திறக்க மாட்டாரு. ராஜபாய் மைனி சிரிச்சிட்டே போயிருவா. கல்லு மனசு மெம்பரே!"

சத்தம் கேட்டு ஜான்ரோஸும் அவர் மனைவி ராஜபாயும் வெளியே வந்தார்கள்.

"ஏட்டி பிரிஜா, தொண்டை காஞ்சு போச்சுல்லா? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுத் திட்டு," என்றாள் ராஜபாய்.

"உங்க காப்பி யாருக்கு வேணும்? புகைப்புரைக் கதவைத் திறங்க!"

மெம்பர் குறுக்கே புகுந்தார். "புகையை நீ கண்ணால பார்த்தியா பிரிஜா?"

"மணம் வந்த உடனே ஜன்னலை அடைச்சிருவேன். பிறகு எப்படிப் பார்க்க?"

ஜான்ரோஸ் தலையைச் சொறிந்தார். "மெம்பரே, இப்பம் திறக்காண்டாம். ஒரு நாலு நாள் கழிச்சு வாங்களேன்."

"கேட்டியளா! நாலு நாளுல எல்லாத்தையும் ஒளிக்கப் பாக்காரு!"

இதற்கு மேல் மெம்பரும் பொறுக்கவில்லை. அவரே போய்த் தாழை நீக்கிக் கதவைத் தள்ளினார்.

உள்ளே புகை இல்லை. சூடு இல்லை. ஷீட் தொங்கும் கம்புகளெல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

அடுப்பு வாய்க்குள், வைக்கோல் மேல், ஒரு கோழி. இறகை விரித்துக்கொண்டு அவர்களை முறைத்தது.

"அடை வச்சிருக்கு," என்றார் ஜான்ரோஸ், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி. "பதினேழு நாளாச்சு. ஆளைக் கண்டா எழும்பிரும். குஞ்சு பொரிய இன்னும் நாலு நாள், அதான் கேட்டேன்."

"அப்போ ஷீட்டு?" என்று கேட்டார் மெம்பர்.

"அன்னைக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்லா, அதுக்கு முன்னால அணைச்ச தீதான். பிறகு மூட்டல்ல. ரப்பர் பாலை அப்படியே லாரியில ஏத்தி விட்டுருதோம். இருபது வருசப் புகை, சுவருல மணம் மட்டும் போக மாட்டேங்குது."

பிரிஜா வெறுங்கம்புகளை இன்னொரு தடவை பார்த்தாள். ஐந்து மாதமாகவா?

"மைனி... ஏன் ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"சொல்லிட்டா நீ யாரைத் திட்டுவே?" என்றாள் ராஜபாய். "ஷிபு பக்கத்துல இல்ல. பிள்ளைக்கு இப்படி. எங்களைத் திட்டினாத்தான் உனக்கு மூச்சு வருது. திட்டிட்டுப் போட்டும்னு விட்டோம்."

ரெனிஷா கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "இந்தக் கோழியை எனக்குத் தெரியும்மா. ஸ்கூல் விட்டு வந்து தினமும் கதவு ஓட்டை வழியாப் பார்ப்பேன்."

"இங்கயா வந்தே? இழுக்கல்லியா மக்கா?"

"இல்லியே."

பிரிஜா பிள்ளையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வாசலில் வராத இழுப்பு வீட்டுக்குள் எப்படி வருகிறது?

மெம்பர் நோட்டை வாங்கிப் புரட்டினார். கோணல் எழுத்து. ஆனால் ஒன்று விடவில்லை.

"'ஜான்ரோஸ் வீட்டுப் புகை. ஜன்னலை அடைத்தேன். கம்பளியைப் போர்த்தினேன். இழுப்பு வந்தது.' தினமும் இதேதான் எழுதியிருக்கே. இதுல புகையை வெட்டிட்டா, மிச்சம் என்ன இருக்கு பிரிஜா?"

பிரிஜா நோட்டை எட்டிப் பார்த்தாள். அப்போது ரெனிஷாவின் நெஞ்சுக்குள் இழுப்பின் விசில் கேட்டது.

தீயும் இல்லை, புகையும் இல்லை. ஆனாலும் விசில்.

பிரிஜா கம்பளியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். மூன்று வருடமாகத் தண்ணீர் காணாத கம்பளி. துவைத்தால் புலியின் ரோமம் கொட்டிவிடும் என்று பெட்டியில் பாச்சை உருண்டை போட்டுப் பொத்தி வைத்தது. கதவு வழியே விழுந்த வெயிலில், அதிலிருந்து கிளம்பிய தூசி புகை மாதிரி எழும்பியது.

ராஜபாய் பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். பிரிஜாவின் இடுப்பிலிருந்த இழுப்பு மருந்துப் பம்பைப் பிடுங்கி, பிள்ளையின் வாயில் இரண்டு தடவை அடித்தாள். "மெல்ல இழு மக்கா... அவ்வளவுதான்... இன்னொண்ணு..."

கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது. ரெனிஷா ராஜபாயின் தோளில் சாய்ந்துகொண்டாள். கம்பளியைக் கையில் பிடித்தபடி நின்ற பிரிஜா மட்டும் இன்னும் மூச்சு விடவில்லை.

மெம்பர் மனுவை விரித்து, ஜான்ரோஸின் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார்.

"இனி இதுல யாரு பேரை எழுதணும் பிரிஜா?"