பன்னிரண்டாவது வீடு

"பதினோரு வீட்லயும் சொல்லியாச்சு. போலீஸ் வந்து கேட்டா, 'சுமந்த் நல்ல பையன், ஒரு வம்புக்கும் போகமாட்டான்.' அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்கப்படாது."

நீலகண்டன் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கரமனையில் அந்தத் தெருவில் அவர் வீட்டைத் தவிர மொத்தம் பன்னிரண்டு வீடு.

"பக்கத்தாத்துல?" என்றாள் மனைவி விஜயம்.

"அவ வாசப்படியை நான் மிதிக்கமாட்டேன்."

"நீங்க மிதிக்கலேன்னா போலீஸ்காரனும் மிதிக்கமாட்டானாக்கும்?"

நீலகண்டன் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார்.

மகன் சுமந்த் விமானப்படை அதிகாரி வேலைக்குத் தேர்வாகியிருந்தான். பரீட்சை, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டியாயிற்று. பாக்கி போலீஸ் விசாரணை மட்டும்தான். 'எப்போதாவது போலீஸ் காவலில் இருந்ததுண்டா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. பொய் சொன்னால் வேலை கிடையாது என்று மேலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டும் நீலகண்டன் பென்சிலால் 'இல்லை' என்று எழுதி, "இதுமேலயே பேனாவால எழுதி அனுப்பு" என்று மகனிடம் கொடுத்திருந்தார். அரசாங்கத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர், எதை மறைக்கலாம் என்று தனக்குத் தெரியாதா என்று நினைப்பு.

உண்மையில் காவலில் இருந்ததுண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றெட்டில், காலேஜ் ஸ்ட்ரைக் அன்று கல்லெறிந்த கூட்டத்தோடு, பஸ்ஸுக்கு நின்ற சுமந்த்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செய்தி வந்ததும் எதிர்வீட்டு ராமசுப்ரமணியன்தான், "மேலிடத்துல பேசறேன், நீர் கவலைப்படாதேயும்" என்று போனை எடுத்தார். ஏழு மணிக்குப் பையன் வந்துவிட்டான். அன்றிலிருந்து நீலகண்டன் வீட்டு விசேஷங்களில் முதல் இலை ராமசுப்ரமணியனுக்குத்தான்.

பக்கத்து வீட்டுத் தையல் டீச்சர் சரசம்மா செய்த காரியம் வேறு. அன்று, "டியூஷன் போயிருக்கான்" என்று நீலகண்டன் வாசலில் நின்று நாலு பேரிடம் சமாளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்து, "மோன் ஸ்டேஷன்லேர்ந்து வந்தாச்சோ, சாமி?" என்று மலையாள வாடையோடு கேட்டாள். தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

"உங்களுக்கு வேற வேலையில்லையா?" என்று அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

வியாழக்கிழமை மஃப்டியில் வந்தார் ஏட்டு அருமைநாயகம். பாறசாலைப் பக்கத்துத் தமிழர். கையில் ஒரு ஃபைல். நீலகண்டன் ஜன்னலோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிஷம். பதினோரு வீடு முடிந்தது. பன்னிரண்டாவதாகச் சரசம்மா வீட்டுக்குள் போனவர் அரைமணி நேரமாக வெளியே வரவில்லை.

"சாயா வேற குடுக்கறா. போச்சு, குழந்தையோட வேலை போச்சு."

"அப்பா, அந்தப் படிவத்துல நான்..." என்று ஆரம்பித்தான் சுமந்த்.

"இப்ப ஒண்ணும் பேசாதே."

ஏட்டு உள்ளே வந்து உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார்.

"சாரே, மகன் உள்ளதை எழுதியிருக்கான். ஸ்டேஷன்ல இருந்தேன், கேஸ் இல்ல, சாயங்காலமே விட்டுட்டாங்கண்ணு."

நீலகண்டன் மகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பென்சிலை அழிச்சுட்டேன்பா" என்றான்.

"ஸ்டேஷன் புக்குலயும் அப்படித்தான் இருக்கு. ஒரு ஆளு பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டிருக்கு. பேரு தெளிவா இல்ல, தெரு மட்டும் இந்தத் தெரு. அந்த ஆளைப் பாத்துக் கேட்டா என் வேலை தீந்துது. ஆனா பதினோரு வீட்டுலயும் ஒரே பாட்டு. சம்பவத்தைப் பத்திக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்காவ. இதுக்குப் பின்னால வேற என்னமோ இருக்குண்ணு எனக்கே சந்தேகம் வந்துட்டு."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றார் நீலகண்டன். "கையெழுத்துப் போட்டது எதிராத்து ராமசுப்ரமணியன். அவராலதான் பையன் வெளியில வந்தான்."

வாசலுக்கு ஓடினார். "ஓய், பயமில்லே. ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டதை ஏட்டுகிட்ட சொல்லும்."

எதிர்வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ராமசுப்ரமணியன் நிமிர்ந்தார்.

"கையெழுத்தா? ஸ்டேஷனுக்கு நான் எங்க ஓய் போனேன்? அன்னிக்குப் போன் பண்ணினேன், லைனே கிடைக்கலை." பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று வருஷமாகப் போட்ட இலையெல்லாம் நீலகண்டன் கண்முன் வந்துபோயின. திரும்பி வந்தவரை ஏட்டு உட்காரச் சொன்னார்.

"பதற வேண்டாம். கையெழுத்துப் போட்ட ஆளைக் கடைசி வீட்டுல பாத்துட்டுத்தான் வாறேன். எல்லாம் ஒத்துப்போகுது, நல்லபடியா எழுதியாச்சு. மகன் தைரியமாப் போகலாம்."

"கடைசி வீடா?" என்றாள் விஜயம்.

"ஆமா. டீச்சர் பஸ்ஸுல வரும்ப உங்க மகனை வேன்ல பாத்திருக்காவ. எறங்கி நேரா ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்காவ. ஆறு மணிக்கு விடுவோம்ணு சொல்லி அனுப்பியிருக்கு. வீட்டுக்கு வந்தும் மனசு கேக்காம, மகன் வந்தாச்சாண்ணு உங்க வாசல்ல வந்து கேட்டாவளாம்."

ஏட்டு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலண்ணு சொன்னாவ."