வாய் கட்டின துணி

வெளியிலிருந்து சாப்பாடு வந்த பெரிய பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஹாலில் அத்தையின் குரல் கணீரென்று கேட்டது.

"இந்தப் பண்டிகைக்கு யாரும் அடுப்படியில வேகக்கூடாதுன்னு சொல்லிட்டேன். மொத்தமும் வெளியில சொல்லியாச்சு. மருமகளும் மனுஷிதானே?"

"குடுத்து வச்சவ!" என்றார் என் வீட்டுக்காரரின் சித்தி.

நிஜம்தான். கல்யாணமாகி வந்த பிறகு இன்றைக்குத்தான் எல்லோரோடும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டேன்.

அம்மா வராததுதான் ஒரே குறை.

போன வாரமே பயந்து பயந்து கேட்டேன். "அத்தை, எங்கம்மாவையும் கூப்பிடலாமா?"

"கூப்பிடாம இருப்பேனா? உங்கம்மாதான் வேலை இருக்குன்னுட்டாங்க."

நேற்று போனில் அம்மாவைப் பிடித்துக் கத்தினேன். "பேத்தியை விடவா உன் வேலை பெரிசு? இங்கே எனக்குன்னு வேற யாரு வருவா?"

"பாப்பாவுக்குக் கறியைப் பிச்சு ஊட்டு. காரம் இருக்காது," என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள்.

இருந்த கோபத்தில் அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பாத்திரத்தின் வாயைக் கட்டியிருந்த துணியை அலசிப் பிழிந்தேன். நீலத் துணி. ஓரத்தில் கோணல்மாணலாய்ச் சிவப்பு நூல் தையல்.

நான் போட்ட தையல்.

பள்ளிக்கூடப் பாவாடை குட்டையாகிப் போனபோது மடிப்பைப் பிரித்து, நீல நூல் கிடைக்காமல் சிவப்பு நூலில் தைத்தேன். அடுத்த வருஷம் பள்ளிக்கூடமே நின்றுபோனது. பாவாடை அம்மாவின் அடுப்படிக்குப் போனது.

பிழிந்த துணியை மறுபடி விரித்துப் பார்த்தேன். பாப்பா இரண்டாம் தரமும் கறி கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பின்கதவைத் தட்டினார்கள்.

"பாத்திரம் எடுக்க வந்தேங்க."

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏவுகிற அத்தை, அன்றைக்கு எழுந்து ஓடி வந்தார். "நீ இரும்மா! நான் பாத்துக்கறேன்!"

அதற்குள் நான் கதவைத் திறந்துவிட்டேன்.

அம்மா. முந்தானையெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். "பாத்திரத்தைக் குடுங்கம்மா."

"யாரும்மா அங்கே?" ஹாலிலிருந்து சித்தி கேட்டார்.

அத்தை என் முகத்தையே பார்த்தார். ஈரத் துணியைக் கையில் இறுக்கிக்கொண்டு, உள்ளே கேட்கும்படி உரக்கவே ஆரம்பித்தேன்.

"சித்தி, இவங்க எங்க..."

"உள்ளே குழந்தை அழுவுது போலிருக்கு, போங்கம்மா," என்று குறுக்கே பேசியது அம்மாதான்.