நடுவில் புகுந்த தகடு

இன்ஜினின் கிராங்க் ஷாப்டில் பக்கம் பக்கமாக மாட்டிய இரண்டு கனெக்டிங் ராடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜின் அடுக்குத் தகடுகளில் மெல்லிய தகடு ஒன்று நடுவில் நுழையப் பார்த்தது. முடியவில்லை.

"அண்ணன் தம்பிக்கு நடுவுல உனக்கென்னடா வேலை?" என்று சீறியது மூத்த ராடு.

"சூடு ஏறினா ரெண்டு பேரும் உப்புவீங்க. ஆயில் போக வழியில்லாம ஜாம் ஆயிடுவீங்க. இன்ஜினே போயிடும்!" என்றது தகடு.

மெக்கானிக் சவரிமுத்து ராடுகளைக் கழற்றி, பக்கவாட்டில் தேய்த்து மாட்டினார். இப்போது தகடு சுலபமாக நுழைந்து வெளியே வந்தது. ராடுகள் அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இன்ஜின் ஓடியது. சூடு ஏற ஏற, நடுவில் ஆயில் வழுக்கிக்கொண்டு போனது.

"நல்லவன்தாண்டா அவன்!" என்றது மூத்த ராடு.

அந்த நல்லவன் தன் உறைக்குள், அண்ணன் தம்பித் தகடுகளுக்கு நடுவில் நசுங்கிக் கத்திக்கொண்டிருந்தான்: "தள்ளிப் படுங்கடா, மூச்சு முட்டுது!"